கழுத்துக்குள் ஒரு ஜாகா

இல்லவே இல்லை அண்ணே, இன்றைக்கு நான் மாத்திரையை டீயோடு விழுங்கவில்லை! டுரியான் துங்காலில் தங்கச்சி வீட்டில் இருக்கிறேன். அவள் கலக்கிய பால் டீ பக்கத்திலேயே மணந்தது, ஆனாலும் வெறும் தண்ணீரில்தான் போட்டேன். நீங்கள் போய்ச் சேர்ந்து இரண்டு வருடமாகியும் டீ வாசனை வந்தாலே உங்களோடு சண்டை போட வேண்டியிருக்கிறது.

செங் பக்கம் ஒரு தொழிற்சாலை வாசலில் நான் ஜாகாவாகக் காவல் காத்த காலம் ஞாபகமிருக்கும். பழைய சட்டையும் சிலிப்பருமாகப் பின்கேட்டில் நுழைந்த ஒருவரைத் திருடன் என்று கீழே தள்ளி முதுகில் ஏறி உட்கார்ந்தேன். அவர்தான் முதலாளி. நல்ல மனிதர், மன்னித்துவிட்டார். தெங்கேராவில் என் பக்கத்து வீட்டிலிருந்த நீங்கள்தான் ஒரு வாரம் சிரித்தீர்கள்.

அடுத்த வருடம் அதே கேட்டில் பட்டப்பகலில் தூங்கி விழுந்தேன். முகம் ஊதியது, வெயிலிலும் குளிர்ந்தது, கழுத்து வீங்கியது. உப்பு போதவில்லை என்று யாரோ சொல்ல, கருவாடாகத் தின்றேன். இன்னொரு தடவை தூங்கினால் வேலை போய்விடும் என்ற நிலை. ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கும் வேலையிலேயே தலை நரைத்த நீங்கள், என் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையோடு கிளினிக்குக் கூட்டிப்போனீர்கள்.

பரிசோதனை முடிவு வந்ததும் உங்களிடம் கேட்டேன்: "யாருண்ணே என் கழுத்துல கைய வச்சது? செய்வினையா?"

"உம்மட ஆட்கள்தான் காணும். ரத்தத்தில இருக்கிற வெள்ளை அணுக்களுக்கு ஜாகா வேலை. கிருமி வந்தா பிடிக்கோணும். அதில ஒரு கூட்டம் உம்மட தைராய்டையே கள்ளன் எண்டு நினைச்சு மேல ஏறி இருக்குது."

"மொதலாளி முதுகுலயா?"

"ஓம், உம்மைப் போலவே! இன்னொரு கூட்டம் அதை அடிக்க ஆயுதமும் செய்து விடுது."

"அப்ப அதுங்கள வேலைய விட்டுத் தூக்கிடலாம்லா?"

"தூக்கினா கிருமியை ஆர் பிடிக்கிறது? தைராய்டு சுரக்காததை மாத்திரை குடுக்கும். வெறும் வயித்தில, தண்ணியோட!"

நான் டீயோடுதான் விழுங்கினேன். அடுத்த ரத்தப் பரிசோதனை காட்டிக்கொடுத்துவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் வந்து, என் டீயைப் பிடுங்கி வைத்துக்கொண்டு அரைமணி நேரம் பேப்பர் படித்தீர்கள். ஓய்வு பெறும்வரை அந்தக் கேட்டில் விழித்து நின்றேன் என்றால், அது உங்களால்தான் அண்ணே.

இப்போது தங்கச்சிக்கும் கழுத்து வீங்கியிருக்கிறது. ரத்தம் எடுக்க டாக்டர் கொடுத்த சீட்டு மூன்று வாரமாக அலமாரியில் கிடக்கிறது. "வயசாச்சு, அசதிதான். கடல்பாசி சூப் குடிச்சா சரியாயிடும்" என்கிறாள். காலையில் அந்த ஜாகா கதையை உங்கள் வார்த்தையிலேயே சொன்னேன். உங்கள் ஊர்ப் பேச்சின் அந்தக் 'காணும்' மட்டும் எனக்கு வாயில் வரவில்லை.

அவள் சிரிக்கவில்லை. "மொதலாளி எந்திரிச்சிட்டாரு. அடிபட்ட தைராய்டு எந்திரிக்குமாண்ணே?"

"எந்திரிக்காட்டி மாத்திரை தாங்கும். பாக்காம விட்டா நீதான் படுத்துருவ."

டீயைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தாள். அதைப் பார்த்து எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. "இன்னும் கேளு, அந்த ஜாகாங்கள அடக்கி வைக்கவும் ஆளுங்கள வேலை வாங்குற மண்டோர் மாதிரி ஒரு அணு இருக்காம். அது சரியா மேய்க்காததாலதான்..."

"காடியில போறப்ப சொல்லுண்ணே, கிளினிக்ல கூட்டம் சேர்ந்துரும்லா."

ஒரு கையில் சீட்டு, மறுகையில் கார் சாவியோடு அவள் வாசலுக்குப் போய்விட்டாள். மீதியை நான் காலி நாற்காலியிடம்தான் சொன்னேன்.