பிளாஸ்திரி ஒட்டிய பொத்தான்

சொந்த வீட்டுக்காரனாகிவிட்ட மகனுக்குச் சித்தப்பா எழுதுவது. இங்கே நானும் உன் சித்தியும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அதற்குமேல் நலம் என்று எழுதக் கை வரவில்லை. உன் நலத்தை நான் விசாரிக்கப் போவதில்லை, அந்நிய மண்ணில் மாடி வைத்த வீடு வாங்கியவன் நலமாகத்தான் இருப்பான். உன் அப்பாவும் அம்மாவும் போன பிறகு ஆறு வயதில் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒன்பது மைல் கொட்டுகிற மழையில் செருப்புக்கூட இல்லாமல் நடந்து வந்தவன் நான். சித்தியைக் கேட்டால் இரண்டு தெருதான், வெயில் அடித்தது என்பாள், அவளுக்குத் தூரக் கணக்கு என்றைக்குமே வராது. அப்படித் தூக்கி வந்தவனிடம் சொல்லத் தைரியமில்லாமல் ஒரு கேசட்டுக்குள் ஒளிந்துகொண்டு பேசியிருக்கிறாய் பார், அதற்காகத்தான் இந்தக் கடிதம். கோபத்தில் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் அது கோபம், எட்டாம் வகுப்போடு நின்றதால் அல்ல.

முதலில் நீ அனுப்பிய அந்த ஈக்வலைசர், சத்தத்தைப் பிரித்துக் கூட்டிக் குறைக்கிற குமிழ்ப் பெட்டி, அதன் விஷயம். டப்பா தொழிற்சாலையில் பதினெட்டு வருஷம் தகடு அடிக்கிற இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றதில் உன் சித்திக்கு மெல்லிய சத்தங்கள் போய்விட்டன, ரேடியோவில் ஆள் பேசினால் வாயில் துணியை அடைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி இருக்கிறது என்கிறாள், என் குரல் தடித்த குரல் என்பதால் அது மட்டும் நன்றாகக் கேட்கும். ஆகவே நம் ரேடியோவும் கேசட்டும் ஓடுகிற ரிசீவரோடு இந்தப் பெட்டியைச் சேர்த்து, மெல்லிய சத்தத்துக்கான வலது பக்கத்துக் குமிழ்களை மேலே தள்ளினால் அவளுக்குப் பேச்சு தெளியும் என்று எழுதியிருந்தாய், சரி, நல்ல யோசனைதான், நானே உன் சின்ன வயதில் இதைச் சொல்லியிருக்கிறேன், நீ மறந்திருப்பாய். ஆனால் கூடவே ஒரு படம் வரைந்து அனுப்பினாயே, எந்த ஒயர் எந்தத் துளைக்குப் போகும் என்று அம்புக்குறி போட்டு, அது யாருக்கு? பஸ் நிலையத்தில் இருபத்திரண்டு வருஷம் மைக்கில் அறிவிப்புச் சொன்ன எனக்கா? நான் ஒருமுறை இருமினால் மூன்று தெரு தாண்டிப் போன பஸ் ரிவர்ஸில் வந்து நிற்குமே, அந்த எனக்கா? படத்தைப் பார்க்காமலே மாட்டினேன், எல்லா ஒயரும் அதனதன் இடத்தில் சரியாகப் போயிற்று, இதை உன் சித்தியின் தம்பியே பிறகு ஒப்புக்கொண்டான். ரிசீவரின் முகப்பில் டேப் மானிட்டர் என்று ஒரு பொத்தான் இருக்கிறதே, அது மட்டும் பதிவு செய்கிறவர்களுக்கானது, நமக்கு வேண்டாத வேலை, தூசி துடைக்கும்போது சித்தி தெரியாமல் அழுத்தித் தொலைக்கப் போகிறாள் என்று அதன்மேல் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டிவிட்டேன். முன்யோசனை என்பது எல்லோருக்கும் வராது.

பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. சித்தியை நாற்காலியில் உட்காரவைத்து, உன் கேசட்டைப் போட்டு, பக்கத்துக்குப் பத்து என்று இருபது குமிழையும் ஒவ்வொன்றாகத் தள்ளினேன். இப்ப தெரியுதா என்று கேட்டேன், தலையாட்டினாள். இப்போ என்றேன், ம், பரவால்ல என்றாள். கீழ்வீட்டுத் தையல்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, அண்ணே, பய எதிர்ல உக்காந்து பேசற மாதிரியே இருக்கு, நீங்க இந்த ஊர்ல இருக்க வேண்டிய ஆளே இல்ல என்றார். எனக்கே தெரியும், இருந்தாலும் பிறர் சொல்லிக் கேட்பது ஒரு சுகம். ஆனால் கேசட்டில் நீ சொன்னது என்ன? இந்த வருஷமும் வர முடியல சித்தி, இங்கயே வீடு வாங்கிட்டேன், சித்தப்பாகிட்ட சொன்னா வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார், நீங்கதான் நேரம் பாத்துப் பக்குவமா சொல்லணும். அடேய், கேசட்டைப் போடுகிறவனே நான்தானே! குதிக்கிறவனை முதல் வரிசையில் உட்காரவைத்துவிட்டு, காது கேட்காதவளிடம் ரகசியம் சொல்லியிருக்கிறாய். இந்த மூளையை வைத்துக்கொண்டு உனக்கு அங்கே எவன் வேலை கொடுத்தான்?

கேசட் முடிந்ததும் சித்தி என் முகத்தைப் பார்த்தாள். என்ன சொல்றான், ஒண்ணு ரெண்டு புரியல என்றாள். ஒன்றுகூடப் புரியவில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது. வர்றானாம் என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. நிலையத்தில் எனக்கு அதுதானே பழக்கம், வராத பஸ்ஸை வராது என்று மைக்கில் சொன்னால் கூட்டம் கண்ணாடியை உடைக்கும், இன்னும் சற்று நேரத்தில் வந்து சேரும் என்று சொன்னால் மூட்டை மேல் உட்கார்ந்துகொள்ளும், அரை மணிக்கு ஒருமுறை அதையே திரும்பச் சொன்னால் போதும், பாதிப்பேர் தானாக வேறு பஸ் பிடித்துப் போய்விடுவார்கள். அதையேதான் செய்தேன். மழை விட்டதும் வருகிறாய் என்றேன். மறுவாரம், மூன்று மாத விடுமுறை என்றேன். அதற்கடுத்த வாரம், சித்தியைப் பெரிய காது டாக்டரிடம் நீயே விமானத்தில் அழைத்துப்போகப் போகிறாய், ஜன்னல் ஓர இருக்கை என்றேன், ஜன்னல் இருக்கை நானாகச் சேர்த்ததுதான், ஆனால் சொன்னபோது அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். உன் அறையைக் காலி செய்து சுவருக்கு வெளிர்நீலம் அடிக்கவைத்தாள். முட்டி வலியோடு பரணில் ஏறிப் பழைய மெத்தையை இறக்கினாள். தையல்காரரிடம் கொடுத்துத் தலையணை உறை நான்கு தைத்து வாங்கி, தினமும் மத்தியானம் அதை மடித்து வைப்பாள், பிறகு எடுத்து மறுபடி மடிப்பாள். வேறு பஸ் பிடித்துப் போகிற ஆள் அவள் இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் தம்பி வந்தான், உன் மாமன், ரேடியோ கடை வைத்திருக்கிறானே, சட்டைப்பையில் ஸ்க்ரூ டிரைவரைப் பேனா மாதிரி குத்திக்கொண்டு அலைகிறவன். சோறு போட்டால் தின்றுவிட்டுப் போக வேண்டியதுதானே, பெட்டி முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். நானும் விளக்கம் சொன்னேன், எந்தக் குமிழ் எதற்கு என்று. அவன் ஒரு குமிழை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு, அத்தான், ரெண்டு மாசமா இதத் தள்ளித் தள்ளி உங்களுக்குக் கைதான் பலமாயிருக்கும் என்றான். அந்த டேப் மானிட்டர் பொத்தானை அழுத்தினால்தான் சத்தம் ரிசீவரை விட்டு வெளியே போய், ஈக்வலைசருக்குள் நுழைந்து திரும்பி வருமாம், அழுத்தாதவரை பெட்டியில் விளக்கு மட்டும்தான் எரியுமாம். சொல்லிக்கொண்டே பிளாஸ்திரியைப் பிய்த்து அழுத்தினான். நான் கொஞ்சம் கொஞ்சமாக எல்லாக் குமிழையும் உச்சியில் நிறுத்தியிருந்தேனா, தகரக் கூரையில் லாரி ஏறினது போல ஒரு சத்தம், ஸ்பீக்கர் மேலிருந்த உன் போட்டோ குப்புற விழுந்தது, கீழே தையல்காரர் விரலில் ஊசி ஏற்றிக்கொண்டார், நில நடுக்கம் என்று நான்கு தெரு ஜனங்கள் வெளியே ஓடினார்கள். அவன் எல்லாவற்றையும் இறக்கி, இடது பக்கத்தை இன்னும் தாழ்த்தி, வலது பக்கத்தில் மூன்றை மட்டும் விரல் அகலம் ஏற்றிவிட்டு, கேசட்டை முதலிலிருந்து ஓடவிட்டான். நிறுத்துடா என்றேன், உன் சித்தி கையைத் தூக்கி என்னை அடக்கினாள். முப்பது வருஷத்தில் அவள் என்னை அடக்கியது அதுதான் முதல் தடவை. முழுக்கக் கேட்டாள். வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார் என்கிற இடத்தில் சிரிக்கக்கூட இல்லை. அவள் தம்பி என்னைப் பார்த்து, உங்களுக்குத்தான் காது நல்லா இருக்கே அத்தான் என்றான். அவனை வாசல்வரை துரத்திவிட்டேன், அவனாகத்தான் எழுந்து போனான் என்று யாராவது உனக்கு எழுதினால் நம்பாதே.

அவள் அழவில்லை, சண்டையும் போடவில்லை. பென்சிலை எடுத்து இருபது குமிழும் நிற்கிற இடத்தில் பக்கத்திலேயே கோடு போட்டாள். ரெண்டு மாசமா ஒண்ணும் கேக்கலைன்னா சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று கத்தினேன். சொன்னா நீங்க மறுபடி முதல் குமிழ்லேர்ந்து ஆரம்பிப்பீங்க என்றாள். பிறகு ஒன்று சொன்னாள், அதை நான் கூட்டாமல் குறைக்காமல் அப்படியே எழுதுகிறேன். வர்றான்னு உங்க வாயால கேட்டதவிட, வரலைன்னு அவன் வாயால கேக்கறது எனக்கு நல்லாருக்கு. அவ்வளவுதான், எட்டு நாளாக என்னோடு பேச்சு இல்லை. தினமும் வேலை முடிந்ததும் அந்தக் கேசட்டைத்தான் போட்டுக் கேட்கிறாள், வர முடியல சித்தி என்று நீ சொல்லுகிற அதே கேசட்டை. நான் பெட்டிப் பக்கம் போனால் திரும்பிப் பார்க்கிறாள், நான் விலகி வந்துவிடுகிறேன். தலையணை உறைகள் அலமாரிக்குள் போய்விட்டன.

எல்லாம் உன்னால். வீடு வாங்கத் துணிந்தவனுக்கு அதைச் சித்தப்பனிடம் சொல்லத் துணிவில்லாததால் வந்த வினை. உன் புது வீட்டுக் கதவு இறுகட்டும், குழாய் ஒழுகட்டும் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், பெரியவன் வாயால் வேண்டாம், இருந்துவிட்டுப் போகட்டும், கூரை உறுதியாக நிற்கட்டும், நீயும் நீண்ட ஆயுளோடு இரு. ஆனால் இன்னொரு கேசட் உடனே அனுப்பு. வருவதானால் தேதியை நீயே சொல், வராவிட்டால் அதையும் நீயே சொல், நான் இனிமேல் இந்த வீட்டில் எந்த அறிவிப்பும் சொல்வதாக இல்லை. சித்தப்பா பொய் சொன்னது தப்புதான், ஆனால் கெட்ட எண்ணத்தில் இல்லை என்று நடுவில் ஒரு வரி சேர்த்துக்கொள், நான் சொல்லி நீ சொன்னதாகத் தெரிய வேண்டாம். நிதானமாகப் பேசு. ஆரம்பத்தில் பத்து எண்ணும்வரை ஒன்றும் பேசாதே, பொத்தானை அழுத்திவிட்டு நாற்காலிக்கு வந்து உட்கார அவளுக்கு அவ்வளவு நேரம் ஆகிறது.

இன்னும் கோபத்தோடுதான் இருக்கும்,
உன் சித்தப்பா