அத்தைக்கு வாங்கிய மடக்குக் கத்தி

அன்புள்ள அத்தைக்கு,

நீங்கள் இருந்தவரை உங்களுக்கு ஒரு வரிகூட நான் எழுதியதில்லை. தினமும் காலையில் வாட்ஸாப்பில் பூப்படம் போட்டு வணக்கம் அனுப்புவீர்கள். நான் ஒரு கட்டைவிரல் படத்தைத் தட்டிவிட்டு வேலையைப் பார்ப்பேன். மாமியாருக்கும் மருமகனுக்கும் அதற்கு மேல் என்ன பேச்சு இருக்கிறது என்று நினைத்தவன்தானே நான்.

முதலில் வீட்டுச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகள் சுமதி பரவாயில்லை, ரசம் வைக்கும்போது மட்டும் அழுகிறாள். உங்கள் பேத்தி கயலுக்கு மறுபடியும் காலணி சின்னதாகிவிட்டது. உங்கள் ஆயர் ஈத்தாம் வீட்டைக் காலி செய்யச் சுமதிக்கு ஆறு மாதமாக மனசு வரவில்லை, வாடகையை மட்டும் கட்டிக்கொண்டிருந்தோம். போன வாரம்தான் இரண்டு பேருமாகப் போய் அலமாரியைத் திறந்தோம். அங்கேதான் அந்தக் கத்தியைப் பார்த்தேன்.

இதை வேறு யாராவது படித்தால் அவர்களுக்கும் புரியட்டும். என் மாமியார் கைப்பையில் கத்தி வைத்திருந்தவர். லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடையில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். இந்தியாவிலிருந்து வரும் துணிக் கட்டுகளின் நைலான் கயிற்றை அறுக்க வேண்டும், அட்டைப் பெட்டியைப் பிரிக்க வேண்டும், புடவையில் தொங்கும் நூலை வெட்ட வேண்டும். கடை விட்டு வந்தாலும் கத்திக்கு ஓய்வில்லை. பால் பாக்கெட், கோயிலுக்கு வாழையிலை, ஃபெரியில் போகும்போது கொய்யாக்காய்.

ஞாபகம் இருக்கிறதா? ஒருநாள் நான் கேலி செய்தேன். "போலீஸ்காரன் பையைத் தொறந்து பாத்தா என்ன சொல்வீங்க அத்தை?"

"இந்த மூஞ்சியப் பாத்தா சண்டைக்குப் போற மாதிரியா இருக்கு மாப்ள? கொய்யாக்கா வெட்டன்னு சொல்வேன்லா. அவனுக்கும் ரெண்டு துண்டு குடுப்பேன்."

அது பாசார் மாலாமில், இரவுச் சந்தையில், வாங்கிய கத்தி. பச்சை பிளாஸ்டிக் பிடி, ஆடிப்போன ஆணி. விரித்தால் விரித்தபடி நிற்க ஒரு பூட்டு கிடையாது. உங்கள் தங்கையைப் பார்க்கப் பட்டர்வொர்த் போன அன்று, ஃபெரியில் உங்கள் ஆள்காட்டி விரலில் பிளாஸ்டர் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். என்ன ஆச்சு என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல மாப்ள, பெட்டிய அறுக்கும்போது கத்தி மடங்கிருச்சு" என்றீர்கள். கொய்யாவை நறுக்கி, உப்புத் தொட்டு, வலது கையால் எனக்கு நீட்டினீர்கள். நான் போனைப் பார்த்துக்கொண்டே வாங்கித் தின்றேன்.

அன்றைக்கே முடிவு செய்தேன், அத்தைக்கு ஒரு நல்ல கத்தி வாங்கித் தர வேண்டும் என்று. அந்த எண்ணத்தில் குறையில்லை. அதை மட்டும் இன்றைக்கும் சொல்லிக்கொள்வேன்.

அக்கரையில் பத்து காவான் தொழிற்பேட்டையில் என் வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியும். தொழிற்சாலையில் வரும் பொருளில் குறை கண்டுபிடிப்பது, அந்தக் குறை எங்கே பிறந்தது என்று தேடுவது. வீட்டிலும் அதே புத்திதான். ஒரு மடக்குக் கத்தி வாங்க மூன்று வாரம் வீடியோ பார்த்தேன், கணினியில் அட்டவணை போட்டேன். எனக்குத்தான் ஏதோ வாங்கப் போகிறேன் என்று சுமதி நினைத்துக்கொண்டாள். "கல்யாண மோதிரத்துக்கு இவ்ளோ யோசிச்சீங்களா?" என்று கேட்டாள். உங்களுக்கென்று சொல்லாமல் வைத்திருந்தேன். சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

என் கணக்கு இதுதான். விலை நூறு வெள்ளியைத் தாண்டக் கூடாது, தாண்டினால் நீங்கள் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவீர்கள். நம் ஊர்க் கடல்காற்றுக்குத் துருப்பிடிக்காத இரும்பாக இருக்க வேண்டும். அலகு மூன்று அங்குலத்துக்குள் போதும், பெட்டிக்கும் கொய்யாவுக்கும் அதற்கு மேல் எதற்கு? வியர்த்த கையில் வழுக்காதபடி பிடி சொரசொரப்பாக வேண்டும். பையில் கனம் தெரியக் கூடாது. இன்னொரு கை பெட்டியைப் பிடித்திருக்கும் என்பதால் ஒரே கையால் திறக்க வேண்டும். திறந்தால் தானாக மடங்காதபடி நல்ல பூட்டு வேண்டும். இத்தனையும் யோசித்தேன் அத்தை. பிடிக்கப் போகிற கையை மட்டும் யோசிக்கவில்லை.

கேம்பல் ஸ்திரீட் பக்கம் ஒரு ஹார்ட்வேர் கடைக்குப் போனேன். கடைக்காரச் சீனர் அங்கிள் மூன்று கத்திகளை எடுத்து வைத்தார். ஒன்று மரப்பிடி போட்டது. அதன் பூட்டு பிடியின் முதுகில் இருந்தது, அங்கே அழுத்தினால் மடங்கும். மூன்றிலும் விலை குறைவு அதுதான். அதை முன்னால் தள்ளி, எந்தக் கைக்கும் ஆகும் என்று மலாயில் சொன்னார். பழைய காலத்து மாடல் என்று நான் ஒதுக்கினேன். என் அட்டவணையில் முதலில் நின்ற கறுப்புக் கத்தியை எடுத்தேன். அதைத் திறக்கும் குமிழ் ஒரு பக்கம் மட்டும்தான் இருந்தது. மூடும்போது உள்ளே இருக்கும் மெல்லிய தகட்டைக் கட்டைவிரலால் ஒதுக்க வேண்டும். என் கையில் சொன்னபடி கேட்டது.

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "தாங்ஙான் மானா?" என்றார். எந்தக் கை என்று கேட்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது.

"கானான்லா அங்கிள்! வேற என்ன?"

வலதுதான் என்று சட்டென்று சொல்லிவிட்டேன். உங்களுக்காக, உங்களைக் கேட்காமல்.

தீபாவளியன்று கொண்டுவந்து நீட்டினேன். "கீழ வைங்க மாப்ள, கத்திய கைக்குக் கை வாங்கக் கூடாது" என்றீர்கள். மேசைமேல் வைத்தேன், வலது கையால் எடுத்துக்கொண்டீர்கள். நான் கடை சேல்ஸ்மேன் மாதிரி பத்துத் தடவை திறந்து மூடிக் காட்டினேன். நீங்கள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தீர்கள். இரண்டு வாரம் கழித்து, கத்தி எப்படி என்று கேட்டேன். "பூ மாதிரி வெட்டுது மாப்ள" என்றீர்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகு அந்தச் சனிக்கிழமை. உங்களை அழைத்துப்போகக் கடைக்கு வந்தேன். நீங்கள் தரையில் உட்கார்ந்து ஒரு துணிக் கட்டின் கயிற்றை அறுத்துக்கொண்டிருந்தீர்கள். கையில் பச்சைப் பிடி போட்ட அதே பழைய கத்தி. எனக்குச் சுருக்கென்றது. கத்தியைத்தான் பார்த்தேன். கையைப் பார்க்கவில்லை.

"நான் வாங்கிக் குடுத்தது என்னாச்சு அத்தை?"

திடுக்கிட்டு அதைப் பைக்குள் போட்டீர்கள். "வீட்ல பத்திரமா இருக்கு மாப்ள. இது சும்மா, கைக்கு வந்திச்சு..."

"நல்லதக் குடுத்தா உங்களுக்கு ஆகாது. பாசார் மாலாம் சாமான்தான் சரி."

கடையில் வேலை செய்யும் பெண்கள் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் முன்னால்தான் சொன்னேன். நீங்கள் சிரிக்கப் பார்த்தீர்கள். காரில் வரும்போது, வழக்கமாக நீங்கள் கேட்கும் 'சாப்டீங்களா மாப்ள'வைக்கூட அன்று கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நான்கு ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்குச் சாப்பிட வரவில்லை. ஓவர்டைம் என்று சொன்னேன். பொய். வீட்டில் படுத்துக் கிடந்தேன். நான்கு ஞாயிறும் சுமதியிடம் எனக்கென்று தனியாகத் தூக்கில் கோழிக் குழம்பு கொடுத்துவிட்டீர்கள். ரோஷக்காரன் அதை மட்டும் வழித்துச் சாப்பிட்டேன். ஐந்தாவது ஞாயிறு வருவதாகத்தான் இருந்தேன், சத்தியமாக. புதன்கிழமை நீங்கள் கடையில் மயங்கி விழுந்தீர்கள். நான் வேலையிலிருந்து கடல்பாலத்தைத் தாண்டி ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

போன வாரம் உங்கள் அலமாரியில், பிஸ்கட் டின்னுக்குள், கைக்குட்டையில் சுற்றி அந்தக் கறுப்புக் கத்தி இருந்தது. அலகில் எண்ணெய் தடவி வைத்திருந்தீர்கள். அப்போதும் என் புத்தியைப் பாருங்கள். "பாத்தியா, உங்கம்மா இதை ஒருநாள்கூட தொடல" என்று சுமதியிடம் சொன்னேன்.

சுமதி கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். "தொடலன்னு யார் சொன்னா? ஒரு வாரம் அடுப்படியில உக்காந்து பழகுனாங்க. சோத்துக் கையால. கொய்யாக்காய்லாம் கோணல் மாணலா கெடந்துச்சு."

"சோத்துக் கையாலன்னா?"

"அம்மாவுக்கு நொட்டாங்கைப் பழக்கம். உங்களுக்கு நெசமாவே தெரியாதா?"

எனக்குத் தெரியாது அத்தை. பதின்மூன்று வருடம் உங்கள் கையால் சாப்பிட்டவனுக்குத் தெரியாது.

அவளே சொன்னாள். சின்ன வயதில் உங்கள் இடது கையில் அடி அடியென்று அடித்தார்களாம். சாப்பிடுவது, எழுதுவது, கொடுப்பது, வாங்குவது, பரிமாறுவது எல்லாம் வலது கைக்கு வந்துவிட்டதாம். கத்தியும் ஊசியும் மட்டும் வரவில்லையாம். அவற்றையும் கூடியவரை வெளியாட்கள் கண்ணில் படாமல் அடுப்படியிலும் கடையிலும் வைத்துக்கொண்டீர்களாம், மாப்பிள்ளை வந்த பிறகு இன்னும் ஜாக்கிரதையாக.

"இத நீ ஏன் என்கிட்ட சொல்லல?"

"மாப்ள ஆசையா வாங்கியிருக்காரு, நீ வாயத் தொறந்தே கொன்னுருவேன்னாங்க. இன்னும் கொஞ்சம் பழகுனா வந்துரும்னாங்க."

அறுபத்து நான்கு வயதில், என் மனசு நோகக் கூடாதென்று கையை மாற்றப் பார்த்தீர்கள். நான் நாலு பேர் முன்னால் உங்களை மட்டம் தட்டினேன்.

இன்னொன்றும் அன்றுதான் உறைத்தது. ஃபெரியில் பார்த்த பிளாஸ்டர் உங்கள் இடது கையில் இருந்தது. மடங்கும் கத்தி, பிடித்திருக்கும் கையைத்தான் வெட்டும். குறை எங்கே பிறந்தது என்று தேடுவதற்கே சம்பளம் வாங்குகிறவன் நான். கண்ணெதிரே இருந்ததைக் கொய்யாக்காய் தின்றுகொண்டே விட்டுவிட்டேன்.

இதைவிடப் பெரிய தப்பு ஒன்று இருக்கிறது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது. கயல் இடது கையால் சாப்பிட்டால் நான் அவள் மணிக்கட்டில் தட்டுவேன் அல்லவா? ஒரு ஞாயிறு, உங்கள் வீட்டில், உங்கள் முன்னால், "இது யாரப் பாத்து வந்த பழக்கம்?" என்று அதட்டினேன். நீங்கள் ரசக் கரண்டியோடு நின்றீர்கள். "சின்னப் புள்ளதானே, விடுங்க மாப்ள" என்று சொல்லிவிட்டு அப்பளம் எடுக்க உள்ளே போனீர்கள். வர நேரமாயிற்று. உள்ளே போய் என்ன செய்தீர்கள் அத்தை? அழுதீர்களா? இல்லை, இவனும் இப்படித்தானா என்று நினைத்துக்கொண்டீர்களா?

முந்தாநாள் மறுபடியும் அந்த ஹார்ட்வேர் கடைக்குப் போனேன். மரப்பிடிக் கத்தி இன்னும் இருந்தது. அங்கிளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை, ஆனால் அதே கேள்வியைக் கேட்டார். "கிரி" என்றேன். இடது. அவர் சும்மா தலையாட்டினார். எவ்வளவு சுலபமான பதில்.

அதை வாங்கிவந்து, வீட்டில் என் இடது கையால் ஒரு பெட்டியை அறுத்துப் பார்த்தேன். கோடு எங்கெங்கோ போனது. ஐந்து நிமிடத்தில் மணிக்கட்டு வலித்தது, எரிச்சல் வந்தது, வைத்துவிட்டேன். நீங்கள் ஒரு வாரம் செய்திருக்கிறீர்கள்.

உங்கள் முதல் வருடத் திதிக்கு இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. இலை போட்டு உங்களுக்குப் பிடித்ததையெல்லாம் வைப்போம். கொய்யாவை இந்த மரப்பிடிக் கத்தியால் கயல் நறுக்குவாள், சுமதி பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்வாள். பிறகு எந்தக் கை அவளுக்கு வருகிறதோ அந்தக் கையால் உங்கள் இலையில் வைப்பாள். பெரியவர்கள் யாராவது, சாமி காரியத்தில் இடது கையா என்று வாயெடுத்தால், எங்கள் அத்தைக்கு அதுதான் கை என்று நான் சொல்வேன். கயலின் கையை இனி நான் தட்ட மாட்டேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

அன்றைக்கு நீங்களும் உங்கள் கையாலேயே வாங்கிக்கொள்ளுங்கள் அத்தை. யாருக்காகவும் மாற்ற வேண்டாம்.

பதின்மூன்று வருடம் உங்கள் கையைப் பார்க்காமலே சாப்பிட்ட,
உங்கள் மாப்பிள்ளை
சேகர்