வதனியின் அண்ணம்

பருத்தித்துறை
5.6.1977

அன்பு மகன் தியாகலிங்கத்துக்கு அம்மா எழுதுவது. நானும் ஐயாவும் உன் பெண்சாதி இராசமலரும் மகள் வதனியும் சந்நிதி முருகன் காவலில் நலமாக இருக்கிறோம் தம்பி, கப்பலில் திரியும் உன்னையும் அவனிடந்தான் ஒப்படைத்திருக்கிறேன். பிள்ளையைக் கொழும்பில் டாக்குத்தர் கனகசபாபதியிடம் திரும்பக் காட்டிவிட்டு நேற்றுத்தான் யாழ்தேவி ரயிலில் வந்து சேர்ந்தோம். தை மாதம் அண்ணத்தில் போட்ட தையல் நன்றாகப் பிடித்துவிட்டதாம். குடிக்கிற பால் இப்போது மூக்கால் வருவதே இல்லை.

அவர் ஒரு கடதாசியில் படம் கீறி எல்லாம் விளங்கப்படுத்தினார். அண்ணத்தில், அதுதான் வாயின் மேற்பக்கத்தில், முன்னுக்கு எலும்பு, பின்னுக்கு வெறும் தசை, நாக்கால் தடவிப் பார் உனக்கே தெரியும். அந்தத் தசை இரண்டு பக்கத்தாலும் வந்து நடுவில் சேர்ந்து பிள்ளையைக் கிடத்தும் ஏணைச்சீலை போலத் தொங்க வேண்டுமாம், விழுங்கும்போதும் கதைக்கும்போதும் மேலே எழும்பி மூக்குக்குப் போகிற வழியை அடைக்குமாம். எங்கள் பிள்ளைக்கு அது நடுவில் சேராமல் முன்னால் எலும்பில் போய் ஒட்டிக் கிடந்ததாம், கழற்றிப் பின்னுக்குத் திருப்பி ஒன்றோடொன்று தைத்திருக்கிறார். அவளுக்கு அடிக்கடி காதில் சீழ் வந்ததும் இதனால்தானாம், காதிலிருந்து தொண்டைக்கு வரும் குழாயைத் திறப்பதும் அங்கேயுள்ள இன்னொரு தசைதானாம். நான் உள்ளிப்பூண்டு போட்டு எண்ணெய் காய்ச்சிக் காதுக்குள் விட்டதற்கு நல்ல ஏச்சு வாங்கினேன்.

தையல் ஆறியதிலிருந்து தசைக்கு வேலை பழக்குகிறோம். இராசமலர் காலையும் பின்னேரமும் பாயில் இலவம்பஞ்சை வைத்து ஊத விடுகிறாள், முந்தி காற்றெல்லாம் மூக்கால் போய்விடும், இப்போது பஞ்சு பாய் ஓரம்வரை ஓடுகிறது. மகரம் மூக்கால் வருவதால் அது முதலே வந்தது, பகரத்துக்கு அந்த வழி அடைபட வேண்டுமாம், அதனால்தான் உன் படத்தைக் காட்டினாலும் அம்மா என்பாள். போன செவ்வாய்க்கிழமை படத்தைப் பார்த்து அப்பா என்றாள் தம்பி, தெளிவாகச் சொன்னாள். இராசமலர் அடுப்படியிலிருந்து ஓடி வந்து அழுதாள், நானும் அழுதேன். மற்ற எழுத்துகள் சரிவர இன்னும் ஒரு வருசம் செல்லுமாம், செல்லட்டும்.

இனி எழுதக் கை கூசுகிறது. பிள்ளை பிறந்தபோது உனக்கு எழுதினேன், கிரகண நேரத்தில் இராசமலர் பூசணிக்காய் வெட்டினாள், அதுதான் பிள்ளைக்கு அண்ணம் பிளந்தது என்று. அன்றிலிருந்து நீ அவளுக்கென்று ஒரு வரி எழுதவில்லை, கடிதமெல்லாம் என் பேருக்கே வருகிறது. இந்தமுறை டாக்குத்தரிடமே கேட்டுவிட்டேன். கிரகணம் எத்தனையாம் மாதத்தில் வந்தது என்றார், ஏழாம் மாதம் என்றேன். அண்ணம் மூண்டாம் மாசத்திலையே பொருந்தி முடிஞ்சிடும் அம்மா, ஏழாம் மாசம் வெட்டினதுக்கு உது எப்பிடிப் பிளக்கும் என்று சிரித்தார். இராசமலர் பக்கத்தில்தான் இருந்தாள், பிள்ளையின் சட்டைத் தெறிகளை ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டிருந்தாள். தம்பி, அன்றைக்குக் கிரகணம் என்பதை மறந்து பூசணிக்காயையும் கத்தியையும் அவள் கையில் கொடுத்தவளே நான்தான். அதை உனக்கு மறைத்தேன். இரண்டு வருசத்துக்கு மேலாக அவளும் அதை ஒருவருக்கும் சொல்லவில்லை, உனக்குக்கூட.

குளிர்த் துறைமுகங்களில் தலையை மூடிக்கொண்டு திரி, நேரத்துக்குச் சாப்பிடு. முருகன் உனக்கு ஒரு குறையும் வைக்கமாட்டான், நீடூழி வாழ வேண்டும். மறக்காமல் இனிமேல் கடிதத்தை இராசமலர் பேருக்கு எழுது. இந்தக் கடித உறையை நான் ஒட்டவில்லை. வாசித்துவிட்டு நீயே ஒட்டித் தபாலில் போடு பிள்ளை என்று அவள் கையில்தான் கொடுக்கப் போகிறேன்.

உன் அம்மா
சி. தங்கமுத்து