வேட்டிக்குள் ஒரு வெளுப்பு

ஐப்பசி 9, வியாழன்

விடியும் முன்பே தூறல். வயலுக்கு உரம் போடுவது தள்ளிப்போயிற்று. வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். மனிதர்களிடம் சொல்ல முடியாததை இங்கேயாவது எழுதித் தொலைக்கிறேன்.

ஆண்குறியின் முன்தோலில் வெளுப்பு. சித்திரையில் நகக்கண் அளவு. இப்போது வளையமாகச் சுற்றிவிட்டது. அரிப்பு. தோல் காகிதம்போல் மெலிந்து இறுகி, பின்னால் தள்ளினால் வெடிக்கிறது. செல்வி பக்கத்தில் வந்தாலே புரண்டு படுக்கிறேன். அவளும் கேட்பதில்லை. கேட்காமல் பார்ப்பது இன்னும் மோசம்.

ஐப்பசி 11, சனி

வெயில். குடவாசல் டீக்கடை. ஒருவன் வயலில் சம்பா வெளுக்கிறதாம். அதற்கு ஒரு மாநாடு.

"அடி இலையா, நுனி இலையாண்ணே? அதச் சொல்லுங்க மொத."

"போட்டோ புடிச்சு ஆபீசருக்கு அனுப்பு மாப்ள. நாள் போச்சுன்னா போச்சு."

ஒரு முட்டாள் இலை வண்ண அட்டையைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தான். நெல்லுக்குப் பச்சை குறைந்தால் அட்டை வைத்துப் பார்க்கிற ஊர். தன் தோலுக்கு நிறம் மாறினால் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொள்ளும்.

பஸ் ஸ்டாண்டு சுவரில் 'ஆண்களின் அந்தரங்கப் பிரச்சினை' வைத்தியரின் சுவரொட்டி. லாட்ஜ் அறையில் மாதம் ஒரு நாள் தரிசனம். ரகசியம் காக்கப்படுமாம். பேதி மருந்தும் பொய்யும் கொடுப்பான்.

அரிப்புக்குப் போட்டுவந்த டியூப் தீர்ந்துவிட்டது. மருந்துக்கடைக்காரன் கவுண்டருக்கு அப்பாலிருந்து கத்தினான்: "சேத்துப்புண்ணு மாதிரிதாங்க சார் அது. ஊரே இந்த டியூப்தான் போடுது." நான் தாவரவியலில் எம்.எஸ்ஸி. கல்லூரி வேலையைச் சிபாரிசுக்காரன் ஒருவன் தட்டிக்கொண்டு போனதால் சேற்றில் நிற்கிறேன். இவனிடம் மருந்து வாங்குகிறேன். போட்டால் இரண்டு நாள் அரிப்பு அடங்குகிறது. விட்டதும் வருகிறது.

ஐப்பசி 14, செவ்வாய்

சிறுநீர் இரண்டாகப் பிரிந்து போகிறது. பயந்துவிட்டேன். தஞ்சாவூர். தோல் மருத்துவர். உள்ளே போனால் பெண். வாசல் பக்கம் திரும்பினேன்.

"உக்காருங்க சார். தெனமும் பாக்கறதுதான். எத்தன மாசமாச்சு?"

"ஆறு."

"நெல்லு வெளுத்தா ஆறு மாசம் விட்டுருவீங்களா?"

திமிர். ஆனால் சரியாகச் சொன்னார், அதுதான் எரிச்சல். வெண்புள்ளி என்றால் வெளுக்கும், அவ்வளவுதான், அரிக்காது, இறுகாது. எனக்கு வந்திருப்பது வேறு, தோல் இறுகும் வியாதி. தொற்றாது. விட்டால் சிறுநீர் வழி சுருங்கும். அபூர்வமாகப் புற்றுநோயாகும். அவர் எழுதிய மருந்தைச் சொன்ன அளவில் போட வேண்டும். அடங்காவிட்டால் சின்ன அறுவை. சர்க்கரையும் பார்க்கச் சொன்னார்.

மறக்காமலிருக்க: அந்த இடம் உடம்பைவிடக் கறுப்பாயிருப்பது இயல்பு. புதிதாக மாறினால் காட்ட வேண்டும். மாத்திரை போடும்போதெல்லாம் அதே இடத்தில் கறுப்பு வட்டம் வந்தால் எந்த மாத்திரை என்று சொல்ல வேண்டும். ஆறாத புண், கட்டி, ரத்தக்கசிவு: தள்ளிப்போடக் கூடாது. திடீரென்று சிவந்தோ கறுத்தோ வீங்கி, கடும் வலி, காய்ச்சல்: அன்றைக்கே அவசரப் பிரிவு.

செல்வியிடம் சொன்னேன். "இவ்ளோதானா? வேற யாரோ இருக்கான்னுல்ல நெனச்சேன்," என்றாள். சோறு போட்டாள். இவளோடு இருபது வருடம்.

ஐப்பசி 16, வியாழன்

மழை. புதுச் சீட்டைக் காட்டினேன். மருந்துக்கடைக்காரனுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"தஞ்சாவூர் வரைக்கும் போவணுமாங்க இதுக்கு? ஒங்க பங்காளி கலியமூர்த்தி ஒரு வருசமா நம்ம டியூப்தான். அவருக்கும் வெளுப்புதான். இப்பப் புண்ணா ஆயி ஆற மாட்டேங்குது, ரத்தம் வருதுங்கறாரு. பெரிய டியூப்பாக் குடுத்துருக்கேன்."

நாயே. அவன் கதையை என்னிடம் சொல்பவன் என் கதையை எத்தனை பேரிடம் சொன்னாயோ.

கலியமூர்த்தி. சித்தப்பா மகன். என் நாற்று முழுக மடையை வெட்டிவிட்டவன். பஞ்சாயத்தில் பொய் சொன்னவன். அப்பா கருமாதியிலிருந்து பேச்சு இல்லை. ஆறாத புண். ரத்தம். மருத்துவர் எதைச் சொன்னாரோ அது.

ஐப்பசி 18, சனி

வானம் மூட்டம். கலியமூர்த்தி பெண்டாட்டியிடம் சொல்ல முடியுமா என்று செல்வியைக் கேட்டேன்.

"நல்லாருக்கு. கொழாயடில என்னப் பாத்தா கொடத்த நவுத்திக்கிட்டுப் போறவ. அவ புருசன் சமாச்சாரத்த நான் சொல்லவா?"

தண்ணீர் முறைக்கே நடுவில் ஒருவனை நிறுத்தி "அவன்கிட்ட சொல்லு" என்று பேசுகிற வீடுகள் இவை. கலியமூர்த்தி இரண்டடி தள்ளித்தான் நிற்பான். என் குரல் காதில் விழாததுபோல் இருப்பான். இதை எவனை நிறுத்திச் சொல்வது? விஷயம் மாலைக்குள் டீக்கடைக்குப் போய்விடும். அவன் வெட்கத்தில் வீட்டுக்குள்ளேயே கிடந்து அழுகுவான்.

அவனுக்கே கடிதம் எழுதிவிட்டேன். கையெழுத்து தெரியாதபடி கட்டை எழுத்தில், ஒரே பக்கம். டியூப்பை நிறுத்து. ஆறாத புண் சேற்றுப்புண் அல்ல. இந்த வாரமே தஞ்சாவூர் தோல் மருத்துவரிடம் போ, தசை எடுத்துச் சோதிக்கச் சொல். மருத்துவர் பெண், கடிக்க மாட்டார்.

மடையை நான் மன்னிக்கவில்லை. அது வேறு வழக்கு. என் பெயரைப் பார்த்தால் வீம்புக்கென்றே போகமாட்டான். அந்த அளவுக்கு மடையன், எனக்குத் தெரியும். உறையில் குடவாசல் தபால் முத்திரை விழுந்தாலும் மோப்பம் பிடிப்பான்.

நாளை கும்பகோணம் போய்த் தபாலில் போடுகிறேன். பெயர் இல்லாமல்.