ரசத்தில் நான் போட்டது

இந்தா, இன்றைக்குக் காய்ச்சல் வாய்க்கு ரசம் வைக்கலாமென்று மிளகு தட்டும் சின்னக் கல்லுரலை எடுத்தேன். கழுவிக் கவிழ்த்து வைத்தது நீ. நீ போய் எட்டு மாதமாக அதை யாரும் தொடவில்லை. மிளகைப் போட்டேன், கை தட்ட மாட்டேன் என்றது. அடுப்பை அணைத்துவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். பேசினால் பாதியை விழுங்குகிறவன் நான். எழுதியாவது முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

நமக்குக் கல்யாணமாகிச் சில வருஷத்தில் உனக்குக் குரல்கள் கேட்க ஆரம்பித்தன. சுவரோடு சண்டை போட்டாய். பந்தல்குடியிலிருந்து வந்த உன் அக்காவை வாசலோடு திருப்பி அனுப்பினாய். மதுரை டாக்டர் எழுதித் தந்த மாத்திரையை இரண்டு தடவை துப்பினாய். எதற்கு மாத்திரை என்று நானும் சொல்லவில்லை. "வாயத் தொற" என்றேன், அவ்வளவுதான். "அவகிட்ட என்னத்தக் கேக்குற? தெரியாமக் கலந்து விட்ரு" என்றாள் என் அம்மா. எனக்கும் அதுதான் சுலபமாகத் தெரிந்தது. இந்த உரலில்தான் பொடித்தேன். உன் பங்கு ரசத்தில் கலந்தேன்.

"ரசம் கசக்குது. என்னத்தையோ போட்டிருக்கீக" என்றாய்.

"கசக்கவெல்லாம் இல்ல. ஒனக்குத்தான் அப்படித் தோணுது. அதான் நோயி" என்றேன். முன்னாடியே தனியாக எடுத்து வைத்த என் ரசத்தை உன் எதிரில் குடித்தும் காட்டினேன்.

சில நாள் வாழைப்பழம், அவித்த முட்டை, தோலோடு கடலை, இவ்வளவுதான் தின்றாய். உரித்துத் தின்பதில் யாரும் எதையும் கலக்க முடியாதல்லவா. பிறகு, "நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்று கண்ணை மூடிக்கொண்டு ரசத்தைக் குடித்தாய்.

மருந்து வேலை செய்தது, அதையும் சொல்ல வேண்டும். குரல்கள் அடங்கின. மறுபடி ராட்டையில் உட்கார்ந்து நூல் சுற்றினாய். தனியாக பஸ் ஏறி அக்கா வீட்டுக்குப் போய் வந்தாய். உன்னை வைத்துக்கொண்டே யாராவது என்னிடம், "வீட்டுல இப்பத் தேவலையா?" என்று கேட்டால், "நானும் இங்கதான நிக்கிறேன், எங்கிட்டக் கேளுங்க" என்பாய். அவர்கள் முழித்ததை வீட்டுக்கு வந்து நடித்துக் காட்டுவாய். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலிக்கும்.

ஒருநாள் நூலிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னாய்: "ஒங்களப் போயிச் சந்தேகப்பட்டேனே. கசக்குது கசக்குதுன்னு பாடாப் படுத்திட்டேன். மனசுல வச்சுக்கிறாதீக."

"அட, விடு" என்றேன். பெரிய மனசுக்காரன் மாதிரி. உள்ளுக்குள் கூசிப்போனேன். அந்த வாரமே மாத்திரை அட்டையை உன் கையில் கொடுத்து, இது இன்னதுக்கு என்று சொன்னேன்; ரசத்தில் கலந்ததை மட்டும் மறைத்தேன். "இப்படி வெவரமாச் சொல்லியிருந்தா அப்பவே முழுங்கியிருப்பேனே" என்று தண்ணீர் கேட்டாய். அன்றிருந்த நிலையில் விழுங்கியிருப்பாயோ என்னவோ. நான் சொல்லிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் உனக்குத் திரும்பி வந்தது, உன்மேல் உனக்கிருந்த நம்பிக்கையைத் தவிர. குழம்பில் உப்புக் கூடினாலும், "கூடவா இருக்கு, இல்ல எனக்குத்தான் அப்படித் தோணுதா?" என்று கேட்பாய். புழுக்கமாக இருக்கிறது என்று நான் சொன்ன பிறகுதான் ஃபேனைப் போடுவாய். புருஷனைக் கேட்டுச் செய்கிறாள் என்று எனக்கு அதில் பெருமை வேறு. மடையன்.

சித்திரையில் அன்றைக்கு நான் தறிவேலை முடிந்து வந்தபோது வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தாய்.

"காலையிலருந்து நெஞ்ச அடைக்கிற மாதிரி இருக்கு. நெசமாத்தான் வலிக்குதா, எனக்குத் தோணுதான்னு தெரியல. நீங்க வந்தாக் கேக்கலாம்னு இருந்தேன்."

பகலெல்லாம் பக்கத்து வீட்டில் ஆள் இருந்தது. தெருமுனையில் ஆட்டோ நின்றது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். "இவ்வளவு நேரம் என்ன செஞ்சீங்க?" என்று டாக்டர் கேட்டார். அந்த ராத்திரியைத் தாண்டவில்லை நீ.

துக்கம் கேட்க வந்தவர்கள் நான் உன்னைப் பொன்னாகப் பார்த்துக்கொண்டதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன். "ஆமா, கசக்கத்தான் செய்யுது, மாத்திரையப் போட்டது நாந்தான்" என்று, நீ கசக்குது என்ற அன்றைக்கே சொல்லியிருந்தால், நெஞ்சு அடைத்தபோது நிஜமா என்று யாரையும் கேட்காமல் நீ தெருவுக்கு ஓடி வந்திருப்பாய்.