ஆள் ஏறியதும் கவ்விய கதவு

மார்ச் 3, செவ்வாய்

காலையிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. விபத்தான லாரி ஒன்றுக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகச் சேதக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தபோது கராஜ்காரர் போகிறபோக்கில் சொன்னார்: பல் டாக்டர் ஒருவர் தன் பழைய கன்வர்ட்டிபிளை விற்கிறாராம். அறுபத்தேழாம் வருட மாடல். மேலே துணி மூடி, மடித்துப் பின்னால் தள்ளிவிடலாம்.

மகளுக்கு எட்டாம் மாதம். நூற்று நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறாள், பிரசவத்துக்கு அம்மா வேண்டும் என்கிறாள். அவள் அம்மாவோ மூன்று வருடமாக மூடின வண்டி எதிலும் ஏறுவதில்லை. ரயிலில் ஏற்றிப் பார்த்தோம், இரண்டாவது ஸ்டேஷனில் இறங்கிவிட்டாள். பைக்கில் அவ்வளவு தூரம் என்றால் என் இடுப்பு இந்த ஜென்மத்தில் நிமிராது.

"மேல திறந்திருந்தா வருவேன்" என்று ஒரு நாள் சொன்னாள். விளையாட்டுக்குச் சொன்னாளா?

மார்ச் 5, வியாழன்

பார்த்துவிட்டேன். கரும்பச்சை. பார்த்த உடனே மனசு வழுக்கியது; பிடித்து நிறுத்திக்கொண்டு வேலையை ஆரம்பித்தேன்.

துணியில் சுற்றிய காந்தம் இடது மட்கார்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒட்டவில்லை. அங்கே தகரம் இல்லை, வெறும் பட்டி மாவு பூசியிருக்கிறது. டயரில் பட்டன் தேயாமல் இருக்கிறது, ஆனால் ஓரமெல்லாம் வெடிப்பு. மூடித் துணியில் ஆறு தையல், டாக்டரே போட்டாராம். கதவு இரண்டையும் திறந்து திறந்து மூடினேன். வெண்ணெய் மாதிரி.

"எல்லாரும் ஓட்டிப் பாத்துட்டு விலை கேப்பாங்க. நீங்க மோந்துல்ல பாக்குறீங்க" என்றார் டாக்டர்.

மார்ச் 6, வெள்ளி

ஆபீசில் நான் எழுதின மூன்று ரிப்போர்ட்டிலும் தேதி தப்பு.

மார்ச் 7, சனி

காதுக்காரரைக் கூட்டிப் போனேன். நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்கிற மெக்கானிக். அந்தப் பெயர் நான் வைத்தது. தனியாக ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"எஞ்சின் கல்லு மாதிரி இருக்கு. பிரேக் இடது பக்கம் இழுக்குது, ஒரு நாள் வேலை. மேட்டுல சூடாகுது. நாப்பது கிலோமீட்டருக்கு ஒரு தரம் நிறுத்தி ஆற விடுங்க."

"பாடி?"

"அதுல நீங்கதானே புலி. உங்களுக்கு நான் சொல்லவா?"

உச்சி குளிர்ந்துவிட்டது. டாக்டர் சொன்ன விலைக்கே தலையாட்டி முன்பணம் கொடுத்துவிட்டேன். வேறு எவனாவது இப்படிச் செய்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

மார்ச் 11, புதன்

இன்னும் மனைவியிடம் சொல்லவில்லை. வாய் வரை வருகிறது, காப்பி கேட்டுவிட்டு வந்துவிடுகிறேன்.

பயம்தான், வேறென்ன. மூன்று வருடம் முன்னால், விபத்தான அன்றைக்குக் காரை ஓட்டியது நான். இரண்டு கதவும் மாட்டிக்கொண்டது. நாற்பது நிமிடம். கடைசியில் கூரையை அறுத்துத்தான் எங்களை எடுத்தார்கள். இதுவரை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை அவள். சொல்லித் தொலைத்திருக்கலாம்.

மார்ச் 15, ஞாயிறு



சொன்னேன். "பாக்கலாமே" என்றாள். பைக்கில் அழைத்துப் போனேன். வண்டியை ஒரு சுற்று சுற்றினாள், ஏறி உட்கார்ந்தாள். நானும் ஏறினேன். டாக்டர் கதவைச் சாத்தினார். பழக்கதோஷம் — "திறந்து பாரு" என்றேன்.

திறக்கவில்லை. என் பக்கம்? அதுவும் இல்லை.

மடையன்! இருபத்தாறு வருஷமா ஊரான் வண்டியில குத்தம் கண்டுபிடிச்சுப் பிழைக்கிறேன், இது தோணலையே! கூரை இல்லாத வண்டிக்குக் கதவின் கீழே ஓடும் இரும்புப் பட்டைதான் முதுகெலும்பு. அதைத் துரு தின்றிருந்தால், இரண்டு ஆள் ஏறியதும் நடுவில் தொய்யும், கதவு கவ்விக்கொள்ளும். நானோ காலி வண்டியில் ஆட்டிப் பார்த்துவிட்டு வெண்ணெய் என்று எழுதி வைத்திருக்கிறேன்.

"பயப்படாதே, பயப்படாதே" என்று கத்திக்கொண்டே தோளால் இடித்தேன். அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அவள் செருப்பைக் கழற்றி வெளியே போட்டாள். சீட் மேல் ஏறி நின்றாள். ஒரு காலைக் கதவுக்கு மேலே தூக்கிப் போட்டு இறங்கியேவிட்டாள்.

"ஏங்க கத்துறீங்க? மேலதான் திறந்திருக்கே."

அப்புறம் டாக்டரைப் பார்த்தாள். "கதவு திறக்காத வண்டிக்கு இவ்வளவு விலையா சார்?" விலை பாதியானது. நான் இன்னும் உள்ளேதான் உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 16, திங்கள்

வேண்டாம், வேறு வண்டி பார்க்கலாம் என்றேன்.

"நீங்க வேற வண்டி பாத்து முடிக்கிறதுக்குள்ள பொறக்கப்போற பிள்ளை பள்ளிக்கூடம் போயிடும். பட்டையை வெட்டிட்டுப் புதுசு போடச் சொல்லுங்க."

ஏப்ரல் 4, சனி

வெல்டிங் முடிந்தது. சீட்டுக்கு இரண்டு சிமெண்ட் மூட்டை ஏற்றி, கதவுகளை நாற்பது தடவை திறந்து மூடினேன். "விடுங்க சார், கீல் தேஞ்சிடும்" என்றார் காதுக்காரர்.

ஏப்ரல் 12, ஞாயிறு

மகள் வீட்டில் எழுதுகிறேன்.

தொண்ணூறாவது கிலோமீட்டரில் மழை பிடித்தது. நான் மூடியைத் தொடவில்லை. பக்கத்தில் மனைவி பையைத் தலைமேல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச தூரம் போனதும், "மூடுங்க" என்றாள்.

"நிஜமாவா?"

"குழந்தைக்கு வாங்கின துணியெல்லாம் நனையுது."

ஓரமாக நிறுத்தி மூடியை இழுத்து மாட்டினேன். மீதி ஐம்பது கிலோமீட்டரும் கதவின் கைப்பிடியில் வைத்த கையை அவள் எடுக்கவில்லை. டாக்டர் போட்ட தையலில் ஒன்று ஒழுகி என் தோளில் சொட்டிக்கொண்டே வந்தது.

மகள் வீட்டு வாசலில் நிறுத்தியதும் ஓடிப்போய் அவள் பக்கக் கதவை இழுத்தேன். ஒரே இழுப்பில் திறந்தது.

"இருங்க, தலையைத் துடைச்சுட்டு வரேன்" என்று உள்ளேயே உட்கார்ந்திருந்தாள்.