பெயிண்டுக்கு அடியில் எர்த் இல்லை, அண்ணா

பாசத்தோடும், அதைவிடக் கொஞ்சம் கூடுதலான வயிற்றெரிச்சலோடும், என் அண்ணனுக்கு,

நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. கொச்சி மட்டாஞ்சேரியில் நம் ஒர்க்‌ஷாப்பை இப்போது நான்தான் திறக்கிறேன். ஆனாலும் உன் பெயரைச் சொல்லித்தான் வண்டியை விடுகிறார்கள். செத்த பிறகும் ஒரு மனுஷனுக்கு இவ்வளவு கஸ்டமர் எதற்கு?

போன வாரம் பள்ளுருத்தி ஸ்கூல் வாத்தியார், நம் மாஷ், தன் பழைய வெள்ளைக் காரைக் கட்டி இழுத்து வந்தார். ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, பிளக்கில் பொறி இல்லை. காயிலை மாற்றினேன். பொறியை இயக்கும் இக்னிஷன் மாட்யூலையும் புதிதாகப் போட்டேன். அப்போதும் இல்லை.

மாஷ் சாயாவை ஆற்றிக்கொண்டே, “நின்டெ சேட்டன் உண்டெங்கில் அஞ்சு மினிட்டு” என்றார். என் அண்ணன் இருந்திருந்தால் ஐந்து நிமிஷ வேலையாம். எனக்கு மூன்று நாள் ஆகியிருந்தது. சனிக்கிழமைக்குள் முடியாவிட்டால் வைட்டிலாவில் வேறொரு மெக்கானிக்கிடம் கொடுப்பாராம். அவர் போனால் உன் மற்ற ஆட்களும் போவார்கள், தம்பிக்கு வேலை தெரியாது என்று ஊரே பேசும்.

அம்மாவோ சோறு போட்டுக்கொண்டே, “அவன் இருந்தா வண்டிட்ட பேசியே எடுத்திருப்பான்” என்கிறாள்.

வெள்ளிக்கிழமை டெஸ்ட் லேம்பின் ஒரு முனையை பாட்டரி பாசிட்டிவில் மாட்டி, மறுமுனையால் மாட்யூலின் உடம்பைத் தொட்டேன். எர்த், அதாவது கரண்ட் பாட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழி, இருந்தால் பல்ப் எரிய வேண்டும். எரியவில்லை. கழற்றினால், அடியில் நீ அடித்த கறுப்புப் பெயிண்ட். உப்புக்காற்றுக்குப் பயந்து இரண்டு கோட் அடித்து, சுரண்டாமல் அதன் மேலேயே மாட்டியிருக்கிறாய். இத்தனை நாள் ஸ்க்ரூ வழியாகத்தான் எர்த் போயிருக்கிறது. அது துருப்பிடித்ததும் வண்டி நின்றுவிட்டது. நானும் புது மாட்யூலை அதே ஸ்க்ரூவோடு அதே பெயிண்ட் மேல்தான் மாட்டினேன். நீ செய்ததில் தப்பு இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சுரண்டி, புது ஸ்க்ரூ போட்டேன். முதல் சுற்றிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது.

“எந்தாயிருந்து பிரஸ்னம்?” என்று கோளாறு என்னவென்று கேட்டார் மாஷ். உன் பெயர் நாக்கு நுனி வரை வந்தது. “எர்த் விட்டுப்போச்சு மாஷே, மழையால துரு” என்றேன். அவர் பானெட்டுக்குள் தடவிப் பார்த்து, “சேட்டன் அடிச்ச பெயிண்ட் கண்டோ, இப்பவும் மின்னுது” என்றார். பாராட்டு அப்போதும் உனக்குத்தான். நான் ஏன் வாயை மூடிக்கொண்டேன்?

அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது, மாஷுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். அவர்கள் இருவரிடமும் கடைசிவரை சொல்ல மாட்டேன், அண்ணா. உன் பெயிண்ட் அப்படியே மின்னட்டும். நான் சுரண்டிய அந்த ஒரு ரூபாய் அளவு இடம் மட்டும் என்னுடையது.

இன்னும் உன்மேல் பொறாமைப்படும்
உன் ஒரே தம்பி,
முருகேசன்